முப்பத்து மூன்று வயது அக்கா

"கட்டுச்சோறு கொண்டாரயா இல்லையா, அதை மட்டும் சொல்லு—"

"அக்கா, மொதல்ல நான் சொல்றதைக் காதுல—"

"அக்கான்னு கூப்புடாதேன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு—"

"வயித்துல இருக்கறது புள்ளையே இல்லைங்கறேன். நீ சோத்தைப் புடிச்சுத் தொங்கிட்டு இருக்கறே!"

"வாயைக் கழுவு போ!"

இருவருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கியது. சோபாவில் சாய்ந்திருந்த சம்விதா இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள், தங்கையின் சொல் பட்டுவிடக்கூடாது என்பதுபோல. வயிறு பெரிய வயிறுதான். நாள் தள்ளி ஐந்து மாதம். பார்வைக்கு எட்டு மாதம். அதைத் தவிர மற்றதெல்லாம் வற்றிக்கொண்டிருந்தது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, கணுக்கால் மட்டும் வீங்கி. யாரோ ஒருத்தியின் வயிற்றைக் கடன் வாங்கி இவள் மேல் தைத்துவிட்டாற்போல் இருந்தது.

எதிரே நின்ற இதழினிக்கு ஐம்பத்தாறு வயது. சம்விதாவுக்கு அறுபத்தொன்று. அதைச் சொல்லத்தான் கூடாது. சம்விதாவின் மணிக்கட்டுப் பட்டையில் பச்சை வெளிச்சத்தில் மின்னிய எண் முப்பத்து மூன்று.

அது சூல்வயது. சூலகத்தின் வயது.

இடுப்புத் தோலுக்கு அடியில் அரிசி மணியளவு ஒரு துயில்விதையைச் செலுத்தினால் சூலகம் தூங்கிப்போகும். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகள்தான் முதலில் வாரி வழங்கின. தூரம் இல்லை, வயிற்றுவலி இல்லை, லீவு இல்லை. ஒரே ஊசியில் எல்லாம் போயிற்று என்று பெண்களும் கும்பிட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் இன்னொன்று தெரிந்தது: தூங்கிய பெண்களுக்குச் சூலகப் புற்று குறைவாக வந்தது. அதிலே மந்திரம் ஏதுமில்லை. சூலகம் மாதாமாதம் தன் தோலைத் தானே கிழித்து முட்டையை வெளியே தள்ளுகிறது, பிறகு தானே தைத்துக்கொள்கிறது. திரும்பத் திரும்பக் கிழித்துத் தைத்த துணியில் என்றைக்காவது ஒரு தையல் கோணலாக விழும். அந்தக் கோணல்தான் புற்று. கிழிசல் குறைந்தால் கோணலும் குறையும். பிள்ளை பெற்றவளுக்கும் பால் கொடுத்தவளுக்கும் அது இயல்பாகவே குறைந்திருந்தது. இப்போது விதை போட்டவளுக்கும் குறைந்தது.

அத்தோடு விட்டிருந்தால் நல்ல கண்டுபிடிப்பு. மனிதர்கள் எதை அத்தோடு விட்டார்கள்?

தூங்கிய சூலகம் மூப்படைவதில்லை என்று கண்டார்கள். தூங்கிய வருஷங்களை வயதில் சேர்ப்பது அநியாயம் என்றார்கள். வேலைக்கு எடுக்கிறவன் சூல்வயது கேட்டான், பெண் பார்க்க வந்தவன் சூல்வயது கேட்டான், கடைசியில் சட்டமும் அதையே கேட்டது. சூல்நல ஆணையம் ஊரெங்கும் எழுதி வைத்த வாசகம் இது: 'வயதுக்கு வந்தால்தானே வயது!' வயசுக்கு வருவது என்று நம் வாயில் புழங்கிய ஒரு பேச்சைப் பிடித்து இப்படிச் சட்டமாக்க முடியுமென்று யார் நினைத்தார்கள்? பிறந்த தேதியிலிருந்து எண்ணும் பழைய கணக்குக்கு 'எலும்பு வயசு' என்று பெயர் வந்தது. அதைச் சொல்கிறவன் கூட்டத்தில் வாயு பிரித்தவனைப்போலப் பார்க்கப்பட்டான்.

இதழினி விதை போட்டுக்கொண்டதில்லை. கொள்கை ஒன்றுமில்லை. இருபத்தொன்றில் கல்யாணம், வரிசையாக நான்கு பிள்ளைகள், நான்குக்கும் தாய்ப்பால். விதை போட நேரம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். சம்விதா முப்பத்திரண்டில் போட்டாள். ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டுக்காரரை வரவேற்கும் வேலை. நாற்பதுக்கு மேல் அங்கே யாரையும் வைத்துக்கொள்வதில்லை. அவளுக்கு நாற்பது வரவே இல்லை.

போன வருஷம், அறுபதில், சூலகத்தை எழுப்பிக்கொண்டாள். அதற்கும் விசேஷம் வைத்தார்கள். தெருமுனையில் ஆளுயரப் பேனர். 'எங்கள் வீட்டு மொட்டு மலர்ந்தது.' அறுபது வயதுக்காரியைத் தாவணி கட்டி, பச்சை ஓலைக்குள் உட்கார வைத்து, மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள். சீர்த்தட்டை ஏந்தி நின்ற இதழினி எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தட்டிலிருந்த வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேனரைப் பார்த்துத்தான் வியன் பெண் கேட்டு வந்தான். அவனுக்கு முப்பத்தெட்டு. அவன் அம்மா மித்ராவுக்கு ஐம்பத்தெட்டு. மருமகளைவிட மாமியார் மூன்று வயது இளையவள். யாரும் சிரிக்கவில்லை.

அந்த மித்ராதான் இப்போது சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க சத்தம்? புள்ளைத்தாச்சி முன்னாடி சத்தம் போடக்கூடாதுங்க பெரியம்மா."

தன்னைவிட இரண்டு வயது மூத்தவள் தன்னைப் பெரியம்மா என்பதை இதழினி விழுங்கிக்கொண்டாள். சூல்வயதுப்படி அதுவே மரியாதை.

"கட்டுச்சோறு எப்பன்னு பேசிட்டு இருந்தமுங்க."

"வெள்ளிக்கிழமை நல்ல நாள். அம்மா அப்பா இல்லாத புள்ள, பொறந்த வீட்டுச் சோறுன்னா நீங்கதான கொண்டாரோணும்? வியன் ஞாயித்துக்கிழமை வெளியூரு போறான், அதுக்குள்ள முடிச்சறோணும். வயித்தைப் பாருங்க! ரெட்டைப் புள்ளைன்னு என்ற மனசு சொல்லுது."

"அசையுதுங்களா?"

"வியனும் இப்பிடித்தானுங்க. ஒம்பதாம் மாசம் வரைக்கும் ஒதைக்கவே இல்லை. சோம்பேறிப் பய." மித்ரா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

இதழினி குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு வாய்க்கு மேல சோறு எறங்குதா உனக்கு?"

"மசக்கை."

"அஞ்சு மாசத்துக்கு அப்பறமுமா? அடிக்கடி ஒண்ணுக்குப் போறே. முதுகு வலிக்குதுங்கறே. நான் நாலு பெத்தவ. புள்ளை வளந்தா அம்மாவும் ஊதுவா. நீ கரைஞ்சுட்டு இருக்கறே."

"ரத்தத்துலயும் மூத்திரத்துலயும் பாத்துச் சொல்லியாச்சு. மாசாமாசம் அளவு ஏறுது. மெஷின் பொய் சொல்லுமா? உனக்கு வயித்தெரிச்சல். நீ கெழவியாயிட்டே, நான் புள்ளைத்தாச்சியா இருக்கறேன்."

"சில கட்டியும் அதே நீரைச் சொரக்குமாம். வயித்துக்குள்ள ஒரு படம் புடிச்சுப் பாத்தா—"

"எழுப்பி ஒரு வருஷத்துக்கு ஒலியலை படக்கூடாது. சட்டம். சூலகம் கலங்கிப்போயிரும்." சம்விதா கையை ஊன்றி எழுந்தாள். "வா. முக்குல நோய்வினவி இருக்குது. அது வாயாலயே கேட்டுக்கோ. கேட்டுட்டு வெள்ளிக்கிழமை சோத்தோட வா."

*

நோய்வினவி ஒரு கூண்டு. உள்ளே பன்னீர் வாசனையும் பினாயில் வாசனையும் ஒன்றையொன்று மறைக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தன. சுவரில் சிரித்த முகம். பட்டையைக் காட்டினால் பேசும்.

"வணக்கம் தங்கையே! தங்கள் சூல்வயது முப்பத்து மூன்று. வாழ்த்துகள். என்ன தொந்தரவு?"

சம்விதா வாய் திறப்பதற்குள் இதழினி முந்திக்கொண்டாள். "வயிறு உப்பிட்டே போகுதுங்க. ரெண்டு வாய் தின்னா மூச்சு முட்டுது. அடிக்கடி ஒண்ணுக்கு வருது. ஒடம்பு எளைக்குது."

"பேசுவது யார்?"

"இவளோட தங்கச்சி." பட்டையைக் காட்டினாள்.

"பிழை. தங்கள் சூல்வயது ஐம்பத்தாறு. நீங்கள் அக்கா. மீண்டும் சொல்லவும்."

சம்விதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சரி, அக்காதான். தொலையுது. சொன்னதுக்குப் பதில் சொல்லுங்க."

"முப்பத்து மூன்று வயதில் இவை தாய்மையின் இயல்பான அடையாளங்கள். வெந்நீரில் சீரகம் சேர்த்துப் பருகவும். இதே அடையாளங்கள் ஐம்பதைக் கடந்தவருக்கு இருந்தால் தாமதமின்றி வயிற்றை உள்நோக்க வேண்டும்."

"இவளை உள்நோக்குங்க."

"பிழை. பெரியம்மா, தங்களுக்கு வயிறு உப்புகிறதா?"

"எனக்கு இல்லை. இவளுக்கு!"

"தங்களுக்கு உப்பினால் உடனே வாருங்கள். தங்கள் வயதினருக்கு உள்நோக்கு இலவசம். நன்றி, நலமே விளைக."

வெளியே வந்ததும் சம்விதா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டுக்கிட்டியா? எலும்பு வயசுக்காரிக்கு எல்லாமே சீக்காத்தான் தெரியும்."

மூத்தவளைத் தங்கை என்றும் இளையவளைக் கிழவி என்றும் அழைத்து, நோயாளியை அனுப்பிவிட்டு நோயில்லாதவளை வா வா என்று கூப்பிட்ட அந்தச் சிரித்த முகத்தின்மேல் இதழினிக்குக் காறித் துப்பவேண்டும்போல் இருந்தது. துப்பினால் அதற்கும் சீரகத் தண்ணீர் சொல்லும்.

*

வெள்ளிக்கிழமை கட்டுச்சோறு வந்தது. புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, எல்லாம் வாழையிலையில் கட்டி. இதழினி நடு ராத்திரிக்கே எழுந்து கிண்டியது என்று மித்ரா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அது உண்மையில்லை, விடிந்துதான் செய்தாள், ஆனால் மறுக்கவில்லை.

வந்த பெண்களின் பட்டைகளெல்லாம் பச்சையாய் மின்னின. இருபத்தெட்டு. முப்பத்தொன்று. இருபத்தாறு. அந்த எண்களுக்கு மேலே முழங்கை சுருங்கித் தொங்கியது. ஒருத்திக்குப் பல்செட்டு. ஒருத்தி முட்டிக்காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி" என்று தரையில் உட்கார்ந்தாள். பட்டை இருபத்தொன்பது என்றது. எல்லோருக்கும் ஒரே பேச்சு.

"தூங்கி எந்திரிச்சா இப்பிடித்தான் வயிறு ஜோரா புடிக்குது!"

"எனக்கும் ஐப்பசியில எழுப்பறாங்க கண்ணு. மாப்பிள்ளை ரெடி."

"வயிறு பளபளன்னு இருக்குது பாரு, மாம்பழமாட்டம்!"

பளபளப்புத்தான். தோல் இழுபட்டு, நீலநரம்பு ஓடி, தொட்டால் வெடிக்குமோ என்ற பளபளப்பு. ஒவ்வொருத்தியாக வந்து அதன்மேல் சந்தனம் தடவினார்கள். ஒருத்தி காதை வைத்து, "தூங்குது கள்ளன்" என்றாள். வளையல் போட வந்தவர்கள் சின்ன அளவு வளையலாகக் கொண்டு வந்திருந்தார்கள். அதுவும் நிற்கவில்லை. மணிக்கட்டில் ஏறி, முழங்கை வரைக்கும் சர்ரென்று வழுக்கி ஓடியது. "கையை மடக்கி வெச்சுக்கோ கண்ணு, போட்டோவுல விழோணும்" என்றாள் மித்ரா.

புளிச்சோறு ஒரு வாய். எள்ளுச்சோறு ஒரு வாய். மூன்றாவது வாயை மித்ரா ஊட்டியபோது சம்விதா எழுந்து குளியலறைக்கு ஓடினாள். பின்னால் பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். வாந்தி எடுத்தால் ஆண் பிள்ளையாம்.

இதழினி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சம்விதா சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். தொட்டியில் எள் மிதந்தது. சந்தனமும் புளியும் கலந்த நாற்றம்.

"அசையலடி." 

"என்ன?"

"ஒரு தடவைகூட அசையல. வெளிய சொல்லாதே. ராத்திரியெல்லாம் கையை வெச்சுட்டே படுத்திருக்கறேன். ஒண்ணும் அசையல."

இதழினி பிள்ளைத்தாச்சி வயிறு பலவற்றைத் தொட்டவள். ஒரு விலாவில் உள்ளங்கையை வைத்து மறு விலாவில் விரலால் தட்டினாள். உள்ளே தண்ணீர் அலையடித்து இந்தக் கைக்கு வந்து மோதியது. தோல்பையில் கட்டிய தண்ணீர். அதற்குள் தலையுமில்லை, காலுமில்லை. கீழே, இடுப்பெலும்போரம், கரடுமுரடாக எதுவோ ஒன்று மட்டும் கல்லைப்போல் உட்கார்ந்திருந்தது. கையை இழுத்துக்கொண்டாள். இழுத்ததற்காக வெட்கப்பட்டு மறுபடியும் வைத்தாள்.

"உன்ற பட்டையைக் கழட்டு" என்றாள்.

"கழட்டினா?"

"என்றதைக் கட்டிக்கோ. ஐம்பத்தாறு வயசுக்காரிக்கு வயிறு உப்பினா உடனே வரச் சொன்னானல்ல, அந்தச் சிரிச்ச மூஞ்சி?"

பட்டை கழற்றக்கூடியதுதான். யாரும் கழற்றுவதில்லை. சம்விதா கொக்கியை எடுத்தாள். பச்சை எண் அணைந்ததும், கண்ணாடியில் தன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

மறுநாள் ஆணையத்தின் ஆஸ்பத்திரியில், உள்நோக்கியில் படுத்து எழுவதற்குள் பதில் வந்துவிட்டது. "இதழினி, ஐம்பத்தாறு. இரு சூலகங்களிலும் சூல்குழாயிலும் கட்டி. வயிற்றில் நீர். கரு இல்லை." அதே இனிமையான குரல். அதே வாழ்த்துச் சொல்லும் தொனி.

சம்விதா அழவில்லை. "இல்லையாமா?" என்று மட்டும் கேட்டாள், கடையில் தீர்ந்துபோன சாமானைக் கேட்பதுபோல.

ஆனால் கூடவே எடுத்த ரத்தம் பொய் சொல்லாது. அது இதழினியின் ரத்தம் அல்ல என்று கருவி கண்டுகொண்டது. கொஞ்ச நேரத்தில் ஆணையத்தின் துணை இயக்குநர் அறைக்கு இருவரையும் அழைத்துப் போனார்கள். அவர் பெயர் அகரன். இளம் வயது, நல்ல சட்டை, பூவாசனைத் தைலம். திட்டவில்லை. உட்காரச் சொன்னார்.

"பட்டை மாத்தறது குத்தமுங்க. பரவாயில்லை, நான் அதைப் பெருசு பண்ணல. சம்விதா, முப்பத்து மூணுன்னே பதிஞ்சறலாம்."

"அவளுக்கு அறுபத்தொண்ணுங்க" என்றாள் இதழினி.

"எலும்புக்குங்களா?" அகரன் புன்னகைத்தார். "இங்க வயசுன்னா சூல்வயசு மட்டுந்தானுங்க."

அவருக்குப் பின்னால் சுவரை அடைத்து ஒரு வரைபடம். இரண்டு கோடுகள். பச்சைக்கோடு படியிறங்கி இறங்கித் தரையைத் தொட்டிருந்தது. அதன்மேல், 'ஐம்பதைக் கடந்தவர்க்குச் சூலகப் புற்று இனி இல்லை!' சிவப்புக்கோடு செங்குத்தாய் ஏறியது. அதன்மேல், 'இளம்பெண்களே, எச்சரிக்கை!'

"அந்தச் செவப்புல இருக்கறதெல்லாம் யாருங்க?"

"நாப்பதுக்குள்ள இருக்கற பொண்ணுக. வருஷாவருஷம் ஏறுதுங்க. ராத்திரி முழிப்பு, புரோட்டா, ஒடம்பு பெருத்துப்போறது, புள்ளையைத் தள்ளிப்போடறது... போன வாரங்கூட காலேஜுல போய்ப் பேசிட்டு வந்தேன்."

"அவங்க பொறந்து எத்தனை வருஷமாச்சு?"

அகரன் பேனாவை மூடினார். பிறகு, ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவர்போல இயல்பாகச் சொன்னார். "அறுபது, அறுபத்தஞ்சு. ஒருசில பேரு எழுபது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியுமுங்க. புத்து பாதி நேரம் சூலகத்துல பொறக்கறதே இல்லை. பக்கத்துல இருக்கற குழாயில பொறக்குது. சூலகத்தைத் தூங்க வெச்சோம், குழாயை யாரு தூங்க வெச்சா? அது பாட்டுக்கு அறுபது வருஷம் கெழடு தட்டிட்டு இருந்துச்சு. அப்பறம் எழுப்பிவுட்டதும் ஒரே சமயத்துல ஹார்மோன் வெள்ளம். கெழட்டுச் சொவத்துல புது வெள்ளம் பாஞ்சா என்னாகும்?"

"அப்ப நெசமாலுமே சின்னப் புள்ளைகளுக்கு வர்றது?"

"வருதுங்க. கொஞ்சந்தான், பெரும்பாலும் பரம்பரையா வர்றது. அந்தப் புள்ளைக இந்தக் கூட்டத்துக்குள்ள காணாமப் போயிருச்சுங்க. தேடியெடுக்க முடியல." அவர் அதைச் சொன்ன விதத்தில் வருத்தமும் இருந்தது, காலையில் போட்டுக்கொண்ட தைலம் மாதிரி, அளவான வருத்தம். "இத்தனை இளம்பெண்களுக்கு வருதேன்னு பத்திரிகையில ஒரே சத்தம். அதனால வர்ற சித்திரையில இருந்து புதுசா ஒரு விதி. எட்டு வயசுலயே விதை போட்டறோணும். எல்லாப் பொண்ணுகளுக்கும்."

இதழினியின் கடைசி மகளுக்கு ஒரு பெண். ஆவணியில் எட்டு முடிகிறது. மடியில் விரல்விட்டு மாதங்களை எண்ணினாள்.

சம்விதா கேட்டாள். "எனக்கு என்ன பண்ணுவீங்க?"

"முப்பத்து மூணுக்கு என்ன விதியோ அதுங்க. கருவளம் காக்கோணும். ஒரு பக்கத்தை எடுத்துட்டு இன்னொரு பக்கத்தை மறுபடியும் தூங்க வெச்சறுவோம்."

"இன்னொரு பக்கத்துலயும் இருக்குதுன்னு இப்பத்தான சொல்லுச்சு?" இதழினியின் குரல் உயர்ந்தது.

"இருக்குதுங்க. ஆனா அதுக்கு வயசு முப்பத்து மூணு. எடுக்க விதி எடங்கொடுக்காது."

"எல்லாத்தையும் எடுத்தா பொழைப்பாளா?"

"எல்லாத்தையும் வழிச்செடுத்து மருந்தும் குடுத்தா வாய்ப்பு இருக்குது. நல்ல வாய்ப்புன்னே சொல்லுவேன். ஆனா அதுக்கு ஐம்பது தாண்டியிருக்கோணும்." அகரன் சன்னல் பக்கம் கை காட்டினார். "வழி இல்லாம இல்லீங்க. அதா, துயில்துறப்புக் கூண்டு. உள்ள நின்னு, பொறந்த வயசை வாயால ஒரு தடவை சொன்னாப் போதும். அவங்களேதான் சொல்லோணும். பக்கத்துல இருந்து யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது."

"ஒரு வார்த்தை? அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். சொன்ன நிமிஷமே பட்டை மாறிரும். இன்னைக்கே ஆபரேஷனுக்குச் சேத்துக்குவாங்க. இந்தச் செவப்புக் கோட்டுல இருந்து ஒரு புள்ளி கழண்டு பச்சைக்குப் போயிரும். பத்துப் பேரு அப்பிடிப் போனா எட்டு வயசு விதியை எங்களால நியாயப்படுத்தவே முடியாது." பேனாவைப் பையில் செருகினார். "ஆனா வேலையும் மாறிரும். சூல்வயசு வெச்சுப் பதிஞ்ச கல்யாணமும் ரத்தாயிரும். அதுவுஞ் சொல்லிறோணுமல்ல."

"இதுவரைக்கும் எத்தனை பேரு சொல்லியிருக்காங்க?"

"கூண்டை வாராவாரம் தொடச்சு வெக்கறமுங்க" என்றார் அகரன்.

*

கூண்டின் கண்ணாடியில் ஒரு விரல்ரேகைகூட இல்லை. அத்தனை சுத்தமாக ஒரு பொருளை இதழினி எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை.

நடுக்கூடத்தில் கூட்டம். செய்தி எப்படிப் போனதோ, மித்ராவும் வியனும் வந்து நின்றார்கள். மித்ராவின் கையில் நேற்றைய விசேஷத்தில் மிஞ்சிய பழக்கூடை.

"என்னங்க பெரியம்மா, புள்ளைத்தாச்சியைக் கண்ட எடத்துக்கெல்லாம் இழுத்துட்டுத் திரியறீங்க?"

"புள்ளை இல்லீங்க. புத்து."

மித்ரா கூடையை இறக்கவில்லை. "சரி, இந்த வயசுல வந்தா கொணமாயிரும். முப்பத்து மூணுதான? ஒரு பக்கம் எடுத்தாலும் இன்னொரு பக்கத்துல பெத்துக்கலாம்."

வியன் மனைவியின் மணிக்கட்டைத்தான் பார்த்தான். பட்டை அங்கே திரும்பி வந்திருக்கிறதா என்று.

வந்திருந்தது. சம்விதா அதைக் கட்டிக்கொண்டுதான் கூண்டுக்குள் போனாள். கதவு மூடியது. உள்ளே வெளிச்சம் பரவி, இருபத்தெட்டு வருஷமாகத் தைலமும் சாயமும் பூச்சும் மறைத்ததையெல்லாம் ஒன்று விடாமல் காட்டியது. நேற்றுப் போட்ட வளையல்கள் முழங்கையில் கிடந்தன.

"வணக்கம் தங்கையே" என்றது கூண்டு, கூடம் முழுவதும் கேட்கும்படி. "தங்கள் வயதைச் சொல்லவும்."

சம்விதா வாயைத் திறந்தாள். உதடு 'மு' என்று குவியாமல் 'அ' என்று விரிந்தது. கண்ணாடிக்கு வெளியே வியனைப் பார்த்தாள். மித்ராவைப் பார்த்தாள். கூட்டத்தில் நின்ற பெண்களைப் பார்த்தாள். அவர்களில் பலர் தம் பட்டையைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டிருந்தார்கள், அவள் சொல்லப்போகிற எண் தங்கள்மேலும் தெறித்துவிடும் என்பதுபோல. வாய் மூடிக்கொண்டது.

"தங்கள் வயதைச் சொல்லவும்."

அவள் கை தானாகவே கன்னத்துக்குப் போயிற்று. இன்னொரு கை வயிற்றின்மேல் இருந்தது.

"இறுதியாகக் கேட்கப்படுகிறது. தங்கள் வயதைச் சொல்லவும்."

இதழினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். துடைத்து வைத்த அந்தக் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஓங்கி அறைந்தாள். அகரன் தடுக்க வந்தார். அதற்குள் அவள், இத்தனை வருஷம் வெளியிடத்தில் கூப்பிடக்கூடாதென்று அடக்கி வைத்திருந்ததைத் தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"அக்கா! உனக்கு என்ன வயசு?"